வழக்கொழிந்த ‘நீ’

செண்பகனூர், ஜூலை 1958

அன்புள்ள சண்முகவள்ளிக்கு,

இன்று வகுப்பில் பழைய ஆங்கிலக் கவிதை ஒன்று நடத்தினேன். அதில் வரும் ‘தௌ’ நம் ‘நீ’தான், மரியாதை கூடிக்கூடி அது வழக்கொழிந்து, இப்போது எல்லாருக்கும் ‘யூ’ ஆகிவிட்டது என்றேன்.

“அப்ப வீட்டுக்குள்ளயும் ‘நீங்க’தானா சார்? பாவம்!” என்றாள் ஒரு மாணவி. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மார்கழியில் நான் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தபோது, “நீ கண்ணத் தொறந்து என்னையப் பாரு” என்று அழுதாயே, அந்தக் குரல் கேட்டுத்தான் விழித்தேன். மறுநாளே ‘நீங்க’ ஆகிவிட்டேன்.

உன் பிரசவம் சிக்கலாகலாம் என்று டாக்டரம்மா சொன்னதை உன் அண்ணன்தான் எழுதினார். நீயோ, “நீங்க உங்க சோலியப் பாருங்க, வர வேணாம்” என்று எழுதுகிறாய்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் பழனிக்கு வருகிறேன். பயமாக இருந்தால், என்னை ‘நீ’ என்று சொல்லியே அழு.

உன்னவன்