மீனுக்கு நல்ல தண்ணீர்

செப். 19, வெள்ளி

எங்கள் முதலாளி முன்னூறு தையல்காரர்களுக்கு உப்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, இன்னும் வந்து சேராத மீனுக்கு உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் பிடிக்கச் சொல்கிறார். மேகமூட்டம். மழை இல்லை.

இன்று அளந்தேன். தையல் ஹால் மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்: கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., 2300. பாய்லருக்குப் போகும் ஆர்.ஓ.: 40. மீட்டருக்கு யார் மேலும் பயம் இல்லை.

விஷயம் இது. மு. (முதலாளி, இனி இப்படியே) ஜெர்மனி போனார். அங்கே எங்கள் துணியை வாங்கும் பையரின் ஆபீசில் கடல் மீன் தொட்டி. கல், பவளம், ஆரஞ்சு மீன். அதே போல் தன் கேபினில் வேண்டும். அந்தப் பையர் நவ. 7 இங்கே வருகிறார். வேலை என் தலையில். நான் லேப் ஆள். துணியில் சாயம் போகிறதா, பி.ஹெச். என்ன என்று பார்ப்பவன்.

“நீ தூத்துக்குடிப் பக்கமல்லொ கண்ணு? உனக்குத் தெரியாத மீனா?”

எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு ஒன்றரை மணி நேரம் பஸ். மீனைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை.

“பையர் வர்றன்னைக்கு மீனு நீந்தோணும். நீந்துச்சுன்னா உனக்கு என்ன வேணுமோ கேளு.”

சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வைக்கிறேன். கேட்பேன். சம்பள உயர்வு இல்லை. ஆர்.ஓ. லைனிலிருந்து தையல் ஹாலுக்கு ஒரு குடிதண்ணீர்க் குழாய்.

எஸ்தர் அக்காவுக்குச் சிறுநீரகக் கல், இரண்டாவது தடவை. ஓவர்லாக் டெய்லர், எங்கள் பக்கத்து ஊர். டாக்டர், நல்ல தண்ணீர் நிறையக் குடி என்றாராம். “அது எங்க கிடைக்கும்னு அந்தச் சீட்டுல எழுதல தம்பி.”

செப். 22, திங்கள்

காற்று. தொட்டி வந்தது. ஐந்தடி நீளம். ஆறு பேர் தூக்கினோம். மு. தள்ளி நின்று “மெதுவா, மெதுவா.” எங்கள் முதுகுக்காகச் சொன்னதல்ல.

வந்தவை:
பம்பு 2
ஸ்கிம்மர் 1 (அழுக்கை நுரையாகப் பிரிப்பது)
பஞ்சு வைத்த வடிகட்டி
சுண்ணாம்புக் கல், மணல்
கடல் உப்பு, சென்னையிலிருந்து, 4 வாளி
டெஸ்ட் கிட்

மு. உப்பு வாளியைக் காலால் தட்டினார். “குடோன்ல சாயத்துக்கு மூட்ட மூட்டயா உப்புக் கெடக்குது. அதக் கொட்ட வேண்டியதுதானுங் தம்பி?”

அது வெறும் உப்பு, கடலில் கால்சியம் இருக்கிறது, மெக்னீசியம் இருக்கிறது என்று விளக்கினேன்.

“என்னமோ போ. நக்குனா ரெண்டும் ஒண்ணுதான்.”

தூத்துக்குடியிலிருந்து மாமா போன். பவளக் கல் எடுத்து லாரியில் போட்டுவிடவா என்கிறார். வேண்டாம். கடலில் பவளம் எடுத்தால் ஜெயில். ஆற்றில் சாயம் விட்டதற்கு யாராவது ஜெயிலுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

செப். 24, புதன்

ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்து, சாயக் குளியலில் உப்பு பார்க்கும் ஹைட்ரோமீட்டரையே எடுத்து வந்து அளந்தேன். 1.025. கடல்! ஏ.சி. ரூமில், கணக்குப் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில்.

பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம். புரிந்தது: மீனின் கழிவு அமோனியா ஆகும். அது மீனையே கொல்லும். ஒரு பாக்டீரியா அமோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொன்று அதைத் தின்று நைட்ரேட் ஆக்கும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. இந்த இரண்டு கூட்டமும் கல்லில், மணலில், பஞ்சில் குடியேற ஐந்தாறு வாரம். அதுவரை மீன் கூடாது. ஆனால் அவற்றுக்குச் சாப்பாடு வேண்டும், அதாவது ஏதாவது அழுக வேண்டும்.

மார்க்கெட்டில் பச்சை இறால் இரண்டு. வலைத்துணியில் கட்டித் தொட்டிக்குள் போட்டேன்.

செப். 27, சனி

புரட்டாசிச் சனிக்கிழமை. மாதா கோயில் பையன் எனக்கு எங்கே ஞாபகம். மு. பெருமாள் கோயிலிலிருந்து நெற்றி நிறைய நாமத்தோடு நேராகக் கேபினுக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார்.

“அடக் கெரகமே! பொரட்டாசிச் சனிக்கெழம, என்ற ரூமுக்குள்ள செத்த எறாவா? ஊட்ல முட்டை கூட ஒடைக்கறதில்ல தம்பி!”

இறால் வெளியே. ஊதுபத்தி உள்ளே. தொட்டிக்கு இரண்டும் ஆகவில்லை.

மத்தியானம் மூளை வேலை செய்தது. அழுகல் எதற்கு? வேண்டியது அமோனியாதானே? லேபில் அமோனியம் குளோரைடு புட்டி இருக்கிறது. எடை போட்டு, பத்து லட்சத்துக்கு இரண்டு பங்கு வருமாறு கரைத்தேன். 2 பி.பி.எம்.

“சைவ அமோனியாங்க” என்றேன்.

“அது செரி” என்றார், முழுத் திருப்தியோடு.

அக். 6, திங்கள்

மழை. கரண்ட் மூன்று தடவை போனது. தொட்டி ஜெனரேட்டர் லைனில். தையல் ஹால் ஃபேன்கள் ஜெனரேட்டர் லைனில் இல்லை. குறித்துக்கொள்கிறேன்.

டெஸ்ட் தண்ணீரின் நிறத்தைத் துணிக்கு ஷேடு பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். அமோனியா பச்சை மங்குகிறது. நைட்ரைட் ஊதா, உருவாகிவிட்டது. அப்படியானால் யாரோ உள்ளே தின்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் ஷிப்டுக்கு வந்துவிட்டார்கள். தனியாக நின்று சிரித்தேன்.

மு.: “என்னைக்கு மீனு வுடறே? தேதி சொல்லு.”

“பாக்டீரியாவுக்குத் தேதி கிடையாதுங்க.”

“தேதி இல்லாத வேல இந்தத் திருப்பூர்ல இல்ல கண்ணு. தேதி சொல்லு.”

தினமும் இதே கேள்வி.

அக். 14, செவ்வாய்

அமோனியா 0. நைட்ரைட் இறங்குகிறது. கல் மேல் பழுப்பாக ஒரு படிவு. பாசி. புதுத் தொட்டியில் வரும், தானே போகும். நல்ல அடையாளம். இன்னும் நான்கைந்து நாள்.

அக். 16, வியாழன்

நாசம்.

துணி சாம்பிளோடு கோவை போய்த் திரும்பினேன். கல் எல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை. பக்கத்தில் சரஸ்வதி அக்கா, செக்கிங் பிரிவுத் தலைவி. முகத்தில் பெருமை.

“கறைங் கண்ணு. மொதலாளி மூஞ்சியச் சுளிச்சாரு. கல்ல எடுத்துத் துணி வெளுக்கற பெராக்சைடுல சூடா ஒரு மணி நேரம் போட்டேன். பளிச்சுன்னு வந்திருச்சு பாரு.”

மூன்று வார உயிர். கத்தினேன். அறிவிருக்கிறதா என்று கேட்டேன். வயதில் பெரியவர், கேட்டிருக்கக் கூடாது. அவர் அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

“இருவத்திரண்டு வருசமா இந்தக் கையி கறையத்தான் தேடுது. ஒண்ணு வுட்டாப் பீஸ் ரிஜெட்டு, எனக்குத் திட்டு. வுட்டு வெக்கற கறையும் இருக்குதுன்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா?”

இல்லை. நானும் சொல்லவில்லை. விஷயத்தை லேபில் பூட்டி வைத்துக்கொண்டு பெரிய ரகசியம் போல் திரிந்தேன்.

“பஞ்சு?”

“அதுல கறை இல்லீங் கண்ணு. தொடல.”

மணலையும் தொடவில்லை. பாதிக் கூட்டம் மிச்சம்.

அக். 17, வெள்ளி

சலவைக்குப் பின் துணியில் பெராக்சைடு மிச்சமா என்று பார்க்க லேபில் தாள் உண்டு. கல்லை அலசி அலசி அதே தாளை ஒட்டிப் பார்த்தோம். ஐந்து தடவை நீலம், மிச்சம் இருக்கிறது. ஆறாவது தடவை வெள்ளை. அலசியது சரஸ்வதி அக்கா. நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். மன்னிப்புக் கேட்டேன். “கல்லப் புடி, நழுவுது” என்றார். கல் உள்ளே. மறுபடி அமோனியா.

அக். 21, செவ்வாய்

அமோனியா அப்படியே நிற்கிறது. பச்சை. மு. பொறுமை இழந்தார்.

“மீன வாங்கி வுட்ரு. செத்தா வேற வாங்கிக்கலாம்.”

இந்த வாக்கியத்தை முன்பே கேட்டிருக்கிறேன். சித்திரையில் மெஷின் மேல் மயங்கிச் சரிந்த டெய்லரைப் பற்றி, இதே கேபினில்: போனா வேற ஆளு வருவான்.

விட மாட்டேன் என்றேன்.

“அப்ப பையருக்கு வெறுந் தொட்டியக் காட்டறதா? தேதி சொல்லு. இல்லீன்னா நாளைக்கே மீனு வரும், உன்ற பேச்சும் எம்பேச்சும் முடிஞ்சுது.”

“நவம்பர் மூணு.”

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். பொய்யானால் குடிதண்ணீர்க் குழாய் போச்சு.

அக். 27, திங்கள்

தீபாவளி. கம்பெனி காலி. வாட்ச்மேனும் நானும். பட்டாசுச் சத்தம், பம்பின் சத்தம்.

அம்மா போன். “எல்லாரும் ஊருக்கு வந்துட்டாவ. நீ மட்டும் அங்க யாருக்கு வேல பாக்க?”

“பாக்டீரியாவுக்கும்மா.”

“அது எந்த ஊரு மொதலாளி?”

அமோனியா 0.5. இறங்குகிறது! நைட்ரைட் ஊதாதான். வாட்ச்மேன் கொடுத்த முறுக்கு, மூன்று.

அக். 31, வெள்ளி

வெயில். நேற்றுக் காலை பத்துக்கு 2 பி.பி.எம். முழுசாகப் போட்டேன். இன்று பத்துக்கு டெஸ்ட். ஒரே நாளில் தின்று தீர்த்திருந்தால்தான் தேர்ச்சி.

என் கண்ணை நம்பவில்லை. ஆசை நிறத்தை மாற்றிக் காட்டும். சரஸ்வதி அக்காவைக் கூப்பிட்டேன். லைட் பாக்ஸுக்குள் இரண்டு சோதனைக் குழாய். எது எது என்று சொல்லவில்லை.

முதல் குழாய். “எலுமிச்ச மஞ்ச. பச்ச ஒரு நூலு கூட இல்ல.”

அமோனியா 0.

இரண்டாவது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தெளிஞ்ச நீலம். ஊதா கலக்கல. பாஸ்.”

நைட்ரைட் 0.

பாஸ்! மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் பாஸ். அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினேன். “உடு கண்ணு, வளையல் ஒடையுது.”

வெறும் தண்ணீர், கல், பஞ்சு. உயிர் பிடித்துவிட்டது. நாங்கள் பிடிக்க வைத்தோம்.

நவ. 3, திங்கள்

சொன்ன தேதி. சென்னையிலிருந்து தெர்மாகோல் பெட்டி, ரயிலில். ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் இரண்டு, பண்ணையில் பொரித்தவை. சட்டைப் பொத்தான் அளவில் பூப்போல் விரியும் பாலிப் என்ற கடல் உயிர் ஒட்டிய கல் ஒன்று. கல் பவளம் இல்லை, சட்டப்படி சரியானது, பில்லோடு. மீன் பைக்குள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து ஒரு மணி நேரம். விட்டேன். மூலையில் ஒளிந்தன. பத்து நிமிடம் கழித்து நடுவில் வந்து நீந்தின. பாலிப் விரிந்தது.

தையல் ஹாலில் இருந்து டீ டைமில் பெண்கள் கூட்டம். மேனேஜர் விரட்டினார். யாரும் போகவில்லை.

எஸ்தர் அக்கா: “ஏ தம்பி, இதுவளுக்கு என்ன தண்ணி?”

“ஆர்.ஓ.தான் எக்கா. அதுல உப்புப் போட்டுக் குடுக்கோம்.”

“நமக்கு உப்புப் போட்டே வருது. மொதலாளிக்கு வேல மிச்சம்.”

மேனேஜரே சிரித்துவிட்டார்.

நவ. 7, வெள்ளி

தெளிந்த வானம். காலையிலேயே தையல் ஹாலில் இருபது கேன் தண்ணீர், புது டம்ளர். பையர் வருகிற நாளில் மட்டும் வரும் கேன்கள்.

மீன் நீந்துகிறது. அமோனியா 0. நைட்ரைட் 0.

பதினொன்றுக்குப் பையர் வந்தார். டீ-ஷர்ட் சாம்பிளை விட்டுவிட்டுத் தொட்டி முன் நின்றார். எத்தனை வாரம் காத்திருந்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். ஆறு என்றேன். அவர் முதல் தொட்டியில் அவசரப்பட்டு எல்லா மீனையும் கொன்றாராம். எனக்குக் கை கொடுத்தார். மு. முகத்தில் கல்யாண வீட்டுச் சிரிப்பு. அவ்வளவு சந்தோஷம் எனக்கும். மறைக்க மாட்டேன்.

மூன்று மணிக்குக் கார் போனது. மூன்றே காலுக்குக் கேன்களை வண்டியில் திருப்பி ஏற்றினார்கள். பாதிக் கேன் பிரிக்கவே இல்லை.

மு. கேபினுக்குக் கூப்பிட்டார். “சாதிச்சுட்டே கண்ணு. கேளு. என்ன வேணும்? சொன்ன வார்த்த மாற மாட்டேன்.”

எஸ்தர் அக்காவும் சரஸ்வதி அக்காவும் கதவுக்கு வெளியே. எஸ்தர் அக்கா கையில் காலிப் பாட்டில்.

“ஆர்.ஓ. லைன்ல இருந்து தையல் ஹாலுக்கு ஒரு குழாய்ங்க. குடிக்க.”

சிரிப்பு நின்றது. பேனாவை மூடினார். திறந்தார்.

“அதுக்கென்ன. செஞ்சு போடலாம்.”

“என்னைக்குங்க?”

மீனைப் பார்த்தார். மீன் அவரைப் பார்த்து வந்து, திரும்பிப் போனது.

“தேதி இல்லாத வேல திருப்பூர்ல இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. தேதி சொல்லுங்க சார்.”