பங்களாவின் முன்வாசல்

பெரிய பங்களா,
மேல் டிவிசன், பதுளை.
கார்த்திகை, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

கத்தார் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? நானும் நம் பிள்ளை லக்ஷிகாவும் நலம். உங்கள் அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாம் என்றால் இந்த ஹாலில் சுற்றிலும் காதுகள். ராசம்மா அக்கா பாய் விரித்திருப்பதே என் தலைமாட்டில்தான். எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நம் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலை வெடித்துப் பிளந்திருப்பதைச் சொன்னேன் அல்லவா? பார்க்க வந்த ஆபீசர்கள் நாம் குடியிருக்கும் காம்பராச் சுவரில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டு, ஒருவரும் இங்கே படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் போன பிறகு பூட்டிப்போட்ட பங்களாவைத் தோட்டத் துரை திறந்துவிட்டார். லயத்துச் சனம் மொத்தமும் இப்போது இங்கேதான்.

அடேயப்பா, என்ன வீடு அத்தான்! தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியதாம். கருங்கல் சுவரின் அகலத்தில் லக்ஷிகா குறுக்கே படுக்கலாம். தேக்குப் பலகைத் தரை. அறைக்கு ஒரு கணப்பு அடுப்பு, கூரைக்கு மேலே புகைக்கூண்டு வரிசை. பிள்ளைகள் அந்தத் தரையில் காலுறை போட்டுச் சறுக்கி விளையாடுகிறார்கள். இடத்தையும் பார்த்துத்தான் எடுத்திருக்கிறான் மனுசன், அடியில் முழுப் பாறை. மலைத் தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் பின்னால் சுற்றி ஒரு கான் வெட்டியிருக்கிறான். அந்தக் கான் எங்கே போய் முடிகிறது தெரியுமா? நம் லயத்துக்கு மேலே. பங்களா வாச்சர் ரஜீவ் கூட்டிப்போய்க் காட்டினார். பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. கல் சுமந்ததும் கான் வெட்டியதும் நம் ஆட்கள்தானே!

மாமா சாப்பாட்டு வேளைக்கு மட்டும் வருகிறார். அதுவும் முன்வாசல் படியோடு சரி. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றே சாப்பிடுகிறார். இருட்டுகிற நேரம் பார்த்து லயத்துக்கே இறங்கிவிடுகிறார். கேட்டால், "இந்த வாசல்ல நான் கால் வச்சதே இல்லம்மா, கூசுது" என்கிறார். வாலிபத்தில் பங்களாவுக்குச் சுடுதண்ணீர் சுமந்ததிலிருந்து பூந்தோட்ட வேலையை விட்டது வரை அவருக்குக் குசினிப் பக்கம்தான் வழி. சமையல் நடக்கிற குசினி பாறையை விட்டுத் தள்ளித் தனிக்கட்டடம் அல்லவா, அங்கிருந்து வீட்டுக்குள் வரக் கூரை போட்ட ஒரு நடை. போன வாரம் மண் சரிந்து இரண்டையும் மூடிவிட்டது.

நான் விடுவேனா? ஒவ்வொரு குளியலறைக்கும் வெளிப்பக்கமாக ஒரு சின்னக் கதவு இருக்கிறது. தண்ணீர் சுமப்பவர்களும் வாளி கழுவுபவர்களும் துரை வீட்டுக்குள் நடக்காமலே வந்துபோக வைத்தது. எனக்குப் பிடிக்கவில்லைதான், ஆனாலும் உயிர் பெரிதில்லையா? ரஜீவைக் கெஞ்சித் துருப்பிடித்த பூட்டை உடைக்க வைத்து, மாமாவைக் கையோடு கூட்டிப்போனேன். நிலையில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "வேணாம்மா. இப்புடி உள்ள போனா அவன் சொன்னது சரியாப் போயிரும்" என்றார்.

அவன் என்றது உங்களைத்தான். நீங்கள் புறப்பட்ட அன்று, துரையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று குசினிப் பக்கம் கூட்டிப்போய் நிறுத்தினாரே, அன்று. "சாகுற வரைக்கும் ஒங்களுக்குப் பின்வாசல்தான்" என்று லயமே கேட்கக் கத்தினீர்கள். உங்கள் கோபம் நியாயம். அதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு பேரும் என் வழியாகத்தானே பேசுகிறீர்கள்? அப்பா மருந்து போட்டாரா என்று நீங்கள், அவன் நல்லா இருக்கானா என்று அவர். நான் என்ன தபால்காரியா? அலுத்துவிட்டது அத்தான்.

முன்னால் வரக் கூச்சம், பின்னால் வர ரோசம். இந்த இரண்டுக்கும் நடுவில் மனுசன் வெடித்த மலைக்கு அடியில் போய்ப் படுக்கிறார். நான் சொல்லியும் கேட்கவில்லை, லக்ஷிகா அழுதும் கேட்கவில்லை. லயத்துக்குப் பின்னால் இருக்கும் வெடிப்பில் முந்தாநாள் என் விரல்தான் போனது. நேற்று முழங்கை வரை போய்விட்டது. மழைச் சத்தம் கூடினால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். பயமாக இருக்கிறது.

இன்றைக்கு அவர் சாப்பிட வரும் நேரம் கூப்பிடுங்கள். என் போனுக்கு வேண்டாம், அவர் போனுக்கு. சார்ஜ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் வேண்டாம், உங்களுக்கு அது வரவும் வராது. "அப்பா, முன்வாசல் வழியா உள்ள போங்க" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், போதும். அவர் படியேறி நிலையைத் தாண்டும்வரை போனை மட்டும் வைத்துவிடாதீர்கள். நான் இரண்டு கதவையும் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மாரியம்மன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். இங்கே மழை மறுபடியும் பிடித்துவிட்டது.

உங்கள்,
சுபாஜினி