பெரிய சக்கரம், சின்னச் சக்கரம்

12.11.2007, திங்கள்

தீபாவளி லீவு முடிந்து முதல் நாள். ஸ்கூட்டி கிளம்பவே இல்லை. வேலம்பாளையத்திலிருந்து நெருப்பெரிச்சல் யூனிட்டுக்கு பாதி தூரம் ஆட்டோ, மீதி நடை. போய்ச் சேர்ந்தபோது லைன் ஓட ஆரம்பித்திருந்தது. தரம் பார்க்கிற க்யூசி நான் இல்லாமல் முதல் பீஸை யார் பார்ப்பது? குழந்தைகள் டீசர்ட். கழுத்தில் வைக்கிற ரிப் துணி தலை நுழைகிற அளவுக்கு விரிய வேண்டும், விட்டதும் பழைய அளவுக்கு வந்துவிட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை கழுத்தைப் பிடித்து இழுப்பதுதான் என் உத்தியோகம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அண்ணன் பட்டறைக்கு ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். திறந்து பார்த்துவிட்டு, "இது இனி ஆகாது அம்முணி" என்றார். கொஞ்ச நேரம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தவர், "நம்ம யமஹாவக் கட்டிக் குடுத்தர்றன். ஓட்டிக்க" என்றார்.

அது அவருடைய யமஹா. போன வருடம் வெள்ளகோவில் பக்கத்துக் கரட்டில், அந்தக் கல்லுக் குன்றில், விழுந்து வலது கால் முறிந்ததிலிருந்து, தார்ப்பாய் போர்த்திப் பட்டறைப் பின்பக்கம் கிடக்கிறது. யாரும் தொடக்கூடாது. குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தால் மனசு மாறிவிடுவார் என்று "சரிங்ணா" என்று மட்டும் சொன்னேன்.

14.11.2007

அண்ணன் பழைய இங்கிலீஷ் பைக் புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினார். ஒரே வண்டியை இரண்டு விதமாகக் கட்டலாம். முன்னால் பெரிய சக்கரம், முண்டு முண்டாகப் பட்டன் டயர், உயரமான சஸ்பென்ஷன் – இது டூயல் ஸ்போர்ட். தார் ரோட்டிலும் போகும், மண்ணிலும் ஏறும். அதே உடம்புக்குச் சின்னச் சக்கரமும் அகலமான ரோட்டு டயரும் போட்டால் சூப்பர்மோட்டோ. டவுனுக்குள் சந்து பொந்தெல்லாம் வளைக்கலாம், பிரேக் சட்டென்று பிடிக்கும், மண்ணுக்குப் போனால் வழுக்கும்.

"வாரத்துல ஆறு நாள் டவுன். ஒரு நாள்தான் நாயித்துக்கெழமை. நீயே ரோசன பண்ணு" என்றார்.

நான் ரோசனை பண்ணி முடித்துப் பல வருடமாகிறது. வெள்ளகோவிலுக்கு முன்னால் வேலிக்கு நடுவே மண்பாதையாகப் பிரிகிற அந்த இட்டேரி, அது போய் ஏறுகிற கரடு. எனக்கு கியர் வண்டி பழக்கியதே அங்கேதான், பழக்கியவர் இவர்தான். பாதி வரைக்கும் ஏறியிருக்கிறேன். உச்சிக்கு ஒரு தடவையாவது நானே ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அதற்குப் பெரிய சக்கரம்.

"பெருசுங்ணா" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால், கேட்டதே தப்பு என்று நினைப்பவர்போல் இருந்தது.

18.11.2007, ஞாயிறு

பட்டறையில் உயரச் சோதனை. முதலில் பெரிய சக்கரம். உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் கட்டை விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. ஒரு பக்கம் சாய்ந்தால் போச்சு. சின்னச் சக்கரத்தில் பாதம் முழுக்கப் பதிந்தது. பார்க்க வந்த அம்மா அந்த இடத்திலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "காலு எட்டற வண்டியே இருக்கட்டும் சாமி. கரட்டுக்குப் போயி நம்மளுக்கு என்ன ஆகோணும்?"

அண்ணன் அம்மாவைக் காட்டி, "கேட்டுக்க" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "பெரிய சக்கரம் ஆளத் தூக்கிப் போட்டுரும் கண்ணு. எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் விழுந்ததைப் பற்றி இதற்கு மேல் பேசுவதே இல்லை. மேல் வளைவில் வண்டி பக்கவாட்டில் போனது, பள்ளத்தில் விழுந்தார். அவ்வளவு. காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். கிக்கரை உதைக்க முடியாது, அதனால் ஓட்டுவதில்லை என்கிறார். சரி, பட்டறைக்கு வருகிற பட்டன் ஸ்டார்ட் வண்டிகள்? அவற்றையும் ஓட்டிப் பார்ப்பதில்லை. வண்டிக்காரரையே ஒரு ரவுண்டு போய் வரச் சொல்கிறார். ஊருக்கே வண்டி ரெடி பண்ணுகிற ஆள் ஒரு வருடமாக எந்த வண்டியிலும் உட்காரவில்லை. நாங்களும் கேட்பதில்லை.

19.11.2007

எந்தச் சக்கரம் என்று என்னைக் கேட்டதெல்லாம் கண்துடைப்பு. அண்ணன் சின்னச் சக்கரம் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

(கோபத்தில் 'றான்' போட்டுவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.)

25.11.2007, ஞாயிறு

நேர்மையாக எழுதுகிறேன். வண்டி அருமை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட குழிகளுக்கு நடுவே கட்டிங் டேபிளில் கத்திரி போவதுபோல் போகிறது. லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து வெளியே வந்துவிடுகிறேன். சாம்பிள் பையைப் பின்னால் கேரியரில் கட்டிக்கொண்டு பிரிண்டிங், எம்பிராய்டரி, பேக்கிங் என்று அலைகிற வேலையெல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. யூனிட்டில் ஆம்பளைங்க எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இது போதுமே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

2.12.2007, ஞாயிறு

போதவில்லை. பூபாலன் அண்ணா கூப்பிட்டார். எங்கள் அண்ணனுடைய கூட்டாளி, ஞாயிற்றுக்கிழமைதோறும் கரட்டுக்குப் போகிற கூட்டத்தில் மூத்தவர். அம்மாவிடம் காங்கயத்தில் கல்யாணம் என்றேன்.

இட்டேரியிலேயே முன்சக்கரம் மீன் மாதிரி நழுவியது. மழை பெய்து செம்மண் ஊறியிருந்தது. கரட்டின் பாதிக்கு மேல் டயர் சும்மா சுற்றுகிறதே தவிர ஏறவில்லை. எல்லாரும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு இறங்கினேன். அவமானமாக இருந்தது. பூபாலன் அண்ணா கூடவே நடந்து வந்து, "டயர் அப்படிங்க, உங்க மேல தப்பில்லீங்க" என்றார். அதைக் கேட்டதும் இன்னும் அழுகை வந்தது.

வீட்டு வாசலில் அண்ணன். கல்யாணத்துக்குப் போய் வந்த வண்டியில் செம்மண் எப்படி? இதைக்கூட யோசிக்கவில்லை பார், நானெல்லாம் குவாலிட்டி செக்கிங்.

"ஊட்டுல ஒரு கால் ஒடஞ்சது பத்தாதா? இன்னொருக்கா போனீன்னா வண்டியப் பிரிச்சு எடைக்குப் போட்டுருவன்."

"உங்களுக்குப் பயம்னா நானும் பயந்துக்கோணுமாங்ணா?"

சொல்லியிருக்கக்கூடாது. அவர் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

6.12.2007

இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. சோறு மட்டும் ஒரே சட்டியிலிருந்து.

11.12.2007, செவ்வாய்

இன்று விழுந்தேன். கரட்டில் இல்லை, மலையில் இல்லை. நெருப்பெரிச்சலில் யூனிட் கேட்டுக்கு முன்னால், நல்ல வெயிலில், உருட்டிக்கொண்டு வருகிற வேகத்தில்.

தோண்டி மூடிய மேட்டில் வண்டி குதித்தது. அடுத்த கணம் பின்சக்கரம் இறுகிப்போய் நின்றுவிட்டது. நான் பிரேக்கை மிதிக்கவே இல்லை. வண்டி பக்கவாட்டில் வழுக்க, முட்டி சிராய்த்து ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். லைன் சூப்பர்வைசர் சோணைமுத்து அண்ணன், மதுரைக்காரர், ஓடி வந்தார். "ஏம்மா, எந்திரிக்க முடியுதா? என்னத்தக் கொண்டு போயி சக்கரத்துல விட்ட?"

பார்த்தால் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு துணி உருண்டை. சாம்பிள் பையைக் கட்டியிருந்த ரிப் பட்டை. கட்டிங் வேஸ்டில் கிழித்தது. இந்த ஊரில் எதைக் கட்டுவதற்கும் அதுதானே? தக்காளிக் கூடை, டிபன் கேரியர், கதவு, மாடு எல்லாம் பனியன் வேஸ்டில்தான் கட்டியிருக்கும். வண்டி குதிக்கக் குதிக்க ரிப் நீண்டு, வால் தொங்கி, செயின் கவ்விக்கொண்டது. சேறு அடைக்கிறது என்று செயின் கவரை அண்ணன் எப்போதோ கழற்றிவிட்டார்.

ரிப் இழுத்தால் நீளும் என்று எனக்குத் தெரியாதா? அதற்குத்தான் சம்பளமே வாங்குகிறேன். சோணைமுத்து அண்ணன் பிளேடால் அறுத்து எடுத்துக் கையில் கொடுத்தார். "இந்தா, உன் பீசு. பாஸா, பெயிலா?" சிரிப்பு வந்தது. அப்புறம் திடீரென்று சிரிப்பு நின்றுவிட்டது.

அதே வண்டி. அதே கேரியர். கரட்டில் விழுந்த அன்றைக்கு அண்ணனும் பின்னால் சோத்துப் பையும் தண்ணீர் கேனும் கட்டிக்கொண்டுதானே போனார்? எதால் கட்டினார்?

12.12.2007

மதிய இடைவேளையில் பூபாலன் அண்ணாவுக்குப் போன் பண்ணினேன். அண்ணன் விழுந்த அன்றைக்கு வண்டியைப் பள்ளத்திலிருந்து எடுத்தது அவர்தான்.

"பின்சக்கரத்துல துணி ஏதாச்சும் சுத்தியிருந்துச்சுங்களா?"

"ஆமாங்க. பனியன் துணி, இறுக்கமா சுத்தியிருந்துச்சு. கத்தில அறுத்துட்டுத்தான் வண்டிய உருட்டுனோம். உருண்டு விழுந்தப்ப மாட்டியிருக்கும்னு நெனச்சனுங்க. ஏனுங்க?"

ஏனுங்க! ஒரு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை இந்த மனுஷன். திட்டவும் முடியவில்லை. ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்று ஓடிய நாளில் சக்கரத்தில் சுற்றிய கந்தைத் துணியைப் பற்றி யார் பேசுவார்கள்?

13.12.2007, வியாழன்

சொன்னேன். பட்டறையை மூடுகிற நேரம் பார்த்துப் போய், கிரீஸ் படிந்த ரிப்பை அவர் முன்னால் வைத்து, என் முட்டியைக் காட்டி, பூபாலன் அண்ணா சொன்னதையும் சொன்னேன்.

ரிப்பை எடுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். விட்டார். மறுபடியும் இழுத்தார்.

"பின்சக்கரம் லாக் ஆச்சு கண்ணு" என்றார். "அது எனக்குத் தெரியும். நாந்தான் பயத்துல பிரேக்க மிதிச்சுட்டேன்னு நெனச்சுட்டிருந்தன். இத்தன வருசம் ஓட்டி, ஒரு வளைவுல பயந்துட்டமேன்னு... என்ற காலு என்ற பேச்சக் கேக்கலையேன்னு..."

நான் அன்றைக்கு 'பயம்' என்று சொன்னது எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதனால் பார்க்கவில்லை என்றே எழுதிக்கொள்கிறேன்.

16.12.2007, ஞாயிறு

அண்ணன் காலையிலேயே பட்டறைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையில். ஏன் என்று அம்மா என்னைக் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்?

23.12.2007, ஞாயிறு

தெரிந்துவிட்டது. பெரிய சக்கரம் மாட்டியிருக்கிறது. பட்டன் டயர், உயரமான சஸ்பென்ஷன். செயினுக்குப் புதுக் கவர். கேரியரில் நாலு பக்கமும் கொக்கி வைத்து வெல்டிங், கூடவே நல்ல நைலான் கயிறு. "ஊட்டுல இருக்கற பனியன் வேஸ்ட்டெல்லாம் கை தொடைக்க மட்டும்" என்று உத்தரவு.

கால் எட்டாதே என்றேன். "ஏறிப் பாரு" என்றார். எட்டியது! முழுப் பாதம் இல்லை, முன்பாதம் நன்றாக ஊன்றியது. சீட்டைப் பிரித்து உள்ளே இருந்த ஸ்பாஞ்சில் பாதியை அறுத்து எடுத்துவிட்டிருக்கிறார். உட்கார்ந்தால் பலகை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். அறுத்த துண்டைத் தூக்கிப் போடாமல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், எதையும் எறிய மாட்டார்.

அம்மா வந்து பார்த்துவிட்டு, "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே புத்தி" என்று போய்விட்டாள்.

24.12.2007

டவுனுக்குள் கொஞ்சம் சிரமம்தான். வளைக்க இடம் வேண்டும், பட்டன் டயர் தார் ரோட்டில் ஙொய்யென்று சத்தம் போடுகிறது. சின்னச் சக்கரத்தில் நுழைந்த சந்தில் இன்று நுழையவில்லை. ஆனால் தோண்டிப் போட்ட ரோட்டில் குழியே தெரியவில்லை. இந்த ஊரில் எது ரோடு, எது கரடு?

30.12.2007, ஞாயிறு

ஏறிவிட்டேன்.

மேல் வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை விடாமல். பட்டன்கள் கல்லைக் கவ்வுவது கைப்பிடி வரைக்கும் தெரிந்தது. உச்சியில் ஒரு சின்ன வேல் நட்டு வைத்திருக்கிறார்கள், காற்று அடிக்கிறது, தூரத்தில் மின்சாரக் காற்றாடிகள். பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அண்ணன் பூபாலன் அண்ணாவின் காரில் வந்து அடிவாரத்தில் நின்றிருந்தார். நான் இறங்கி வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த வளைவுல எத்தனாவது கியர்ல வந்த?"

"ரெண்டுங்ணா."

"நானும் ரெண்டுதான்" என்றார். காரில் ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஹாண்டில்பாரைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

6.1.2008, ஞாயிறு

தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி, "வண்டிய மட்டும் ஒதச்சுக் குடு கண்ணு" என்றார் அண்ணன். தலையைக்கூடக் கட்டாமல் போய் உதைத்துக் கொடுத்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். நாங்கள் இருவரும் சத்தமே போடவில்லை, வண்டிதான் போட்டது. தெரு முனை வரைக்கும் காலை ஊன்றி ஊன்றிப் போனார். அப்புறம் கியர் மாறுகிற சத்தம் கேட்டது. இரண்டு. மூன்று.

அம்மா வெளியே வந்து, "ஆருடி வண்டில போறது?" என்றாள்.

9.1.2008, புதன்

காலையில் வேலைக்குக் கிளம்பி வண்டியில் ஏறினால் கால் எட்டவில்லை. சீட் மெத்தென்று, அண்ணன் உயரத்துக்கு இருந்தது. பட்டறை ஆணியில் போய்ப் பார்த்தேன், ஸ்பாஞ்சுத் துண்டைக் காணோம்.

யாரிடமும் கேட்கவில்லை. பஸ்ஸில் போனேன்.