அக்கரை ஓட்டுகள்

நவம்பர் 8, ஞாயிறு

அப்பாவின் தேர்தல் சுவரொட்டிக்கு மீசை வரைந்தது நான்தான் என்று தெரிந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கு லிஸ்கா. ரெண்டு ஓட்டு கூட விழும்," என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வட்டார மன்றத்தில் பல வருஷமாக அவர் ஒருவர்தான் வெள்ளைக்காரர். அவர் கட்சிக்கும் அவர் ஒருவர்தான். அவர் கை தூக்கினால் கட்சியின் ஒருமனதான தீர்மானம். நமீபியாவில் இப்படியொரு கட்சி இருப்பதே என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த முறை தோற்றால் கட்சிக்கே பூட்டு.

நவம்பர் 13, வெள்ளி

கடைவாசலில் ஹாராசெப் சார். எனக்குக் கணக்கு வாத்தியார், அப்பாவுக்குப் போட்டி வேட்பாளர். வெள்ளைக்காரர் காலத்துத் தெருப் பேரை மாற்றணும் என்பவர் அவர், கூடாது என்பவர் அப்பா.

"என்ன மானி, இன்னும் பழைய தெருப் பேருக்கே காவலா?" என்றார் அப்பாவிடம்.

"எங்க தாத்தா காலத்துப் பேருப்பா."

"அந்தத் தெருவுல பொழுது சாஞ்சா, கறுப்பர்னு எங்க அப்பா நடக்கக் கூடாது. அதுவும் அந்தக் காலம்தான்."

அப்பா வண்டியைக் கிளப்பினார். சார் சொல்வதுதான் நியாயம். ஆனால் அப்பா ஜெயிக்கணும். இந்த ரெண்டையும் நான் எங்கே கொண்டுபோய் வைக்க?

நவம்பர் 22, ஞாயிறு

மூன்று வருஷமாக மழை ஏமாற்றுகிறது. அப்பாவே போதகரிடம் கேட்டு இன்று மழைக்கு ஜெப நாள் வைத்தார்.

"அப்படியே ஓட்டுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்ல?" — அம்மா.

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் கேக்கணும், ஹெஸ்டர்."

நவம்பர் 27, வெள்ளி

வாக்குப்பதிவு. விடியும்போதே மழை.

சாருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் ஊருக்குள். அப்பாவின் ஆட்கள் எல்லாம் நொசோப் ஆற்றுக்கு அக்கரைப் பண்ணைகளில். மதியம் அக்கரைப் பண்ணையிலிருந்து ஃப்ளோரிஸ் மாமா அப்பாவுக்குப் போன் செய்தார். "மானி, ஆத்துல வெள்ளம். பாலம் முங்கிடுச்சு. ஒருத்தரும் வர முடியாது. மன்னிச்சுக்கோ."

"அத விடுடா. உன் பக்கம் மழை எத்தன மில்லிமீட்டர்?"

அப்புறம் வந்த எல்லா போனிலும் அதே கேள்விதான். அம்மா சமையலறைக்குப் போய் அழுதாள். நான் கூடப் போய் நின்றேன். ஜோக் ஒன்றும் வரவில்லை.

நவம்பர் 29, ஞாயிறு

தோற்றுவிட்டார்.

ஹாராசெப் சார் வீட்டுக்கு வந்தார். "நீ ஜெபம் பண்ண, எனக்குப் பலிச்சிருக்கு."

அப்பா சிரித்துவிட்டார். சத்தமாக. காபி ஆறும்வரை இருவரும் மழையைப் பற்றியே பேசினார்கள்.

டிசம்பர் 9, புதன்

அப்பாவும் நானும் ஆற்றைப் பார்க்கப் போனோம். அவர் காலுறையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். அப்பாவின் பாதம் இவ்வளவு வெள்ளை என்று எனக்குத் தெரியாது. இன்று புது மன்றத்தின் முதல் கூட்டம், இதே நேரத்தில். அவருக்கு நினைவிருந்ததா?

நான் கேட்கவில்லை. அவரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.