நீ கேட்ட சாட்சிக் கடிதத்தை நான் எழுதப்போவதில்லை

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், இருக்கிற கோபத்தில் அந்த வரி வர மறுக்கிறது, அதனால் உடம்பை மட்டும் விசாரிக்கிறேன், சளி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தம்பிக்குக் காது ஆறிவிட்டது. நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் கடைக்குப் போய்விட்டு வாடா என்றால் மட்டும் துரைக்குக் கேட்பதில்லை, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் மாடியிலிருந்து இறங்கி வருகிறான். அப்பா பஸ்களுக்கு அடியில் படுத்துப் படுத்து முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். என் மூக்குக்கண்ணாடிக் கடையில் இந்த வாரம் கூட்டமில்லை, படிக்க நிறைய நேரம் கிடைத்தது, உன் கட்டுரையையும் சேர்த்து.

நேற்று போனில் நீ கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றேன், யோசித்துவிட்டேன். உன் கட்டுரையும் உன் வகுப்புத் தோழி குருவியின் கட்டுரையும் பத்தி பத்தியாக ஒன்றுபோல இருக்கின்றன, இருவரையும் வியாழக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், தம்பியின் ஆபரேஷனுக்கு வந்திருந்தபோது நீ வீட்டில் உட்கார்ந்து அதை எழுதியதை நான் கண்ணால் பார்த்தேன் என்று கல்லூரிக்கு எழுதித் தர வேண்டும், அதுதானே? அவதாம்மா என்னோடதைப் பார்த்து எழுதியிருப்பா என்றும் சொன்னாய். நான் நம்பினேன். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், கடைக்கு வருகிறவர்கள் உங்க அக்காவா என்று உன்னைக் கேட்பார்கள், அந்த நெருக்கத்தில் என்னிடம் நீ பொய் சொல்லமாட்டாய் என்றே நினைத்திருந்தேன். குருவி மீதுதான் எனக்குக் கோபம் வந்தது. விடுமுறைக்கு நம் வீட்டில் வந்து தங்கி, என்னிடமே கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போன பெண், என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள் என்று அப்பாவிடம் கத்தினேன்.

சாட்சி சொல்லும்போது தப்பாக எதுவும் எழுதிவிடக் கூடாதே என்று, நீ அனுப்பிய கட்டுரையை மறுபடி எடுத்தேன். முதல் தடவை படித்தபோது பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை, மருத்துவமனைத் துணி வெளுக்கும் கூடத்தில் நீராவிக்கு நடுவே நிற்கிற பெண்களை என் மகள் எவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறாள் என்று. இந்தத் தடவை அடிக்குறிப்புகளையும் விடாமல் படித்தேன். ஒன்றில், சலவைக்கூடத் தொழிலாளி, பெயர் வேண்டாம் என்றார், வாசலில் நேரில் பேசியது என்று போட்டு ஒரு தேதி இருக்கிறது. அது தம்பிக்கு ஆபரேஷன் நடந்த தேதியடி. அன்றைக்கு நீ ஆஸ்பத்திரியில் என் பக்கத்து நாற்காலியில் அவன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்படியென்றால் சலவைக்கூட வாசலில் நின்றது யார்? நீ வீட்டில் இருந்தாய் என்று நான் எழுதிக் கொடுத்தால் அந்தக் கடிதமே உன்னை மாட்டிவிடும், அதுகூட உனக்கு உறைக்கவில்லை. திருடினதுதான் திருடினாய், எதைத் திருடுகிறோம் என்று படித்தாவது பார்த்திருக்கக் கூடாதா?

அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அந்த வாரம் குருவி போன் செய்தாள், நீ துணி மடித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். என்னோடதை அனுப்பியிருக்கேன்டி, குறிப்பு எப்படிப் போடறதுன்னு மட்டும் பார்த்துக்கோ, சார்கிட்ட உனக்கு நாள் கேட்டு வைக்கிறேன், தம்பி சாப்பிடறானா என்று கேட்டாள். நீ கூடுதல் நாள் கேட்டிருக்கலாம், கொடுத்திருப்பார்கள். நீயோ அவளுடையதை எடுத்து, சூடு என்றிருந்த இடத்தில் வெப்பம் என்றும், நிறைய என்ற இடத்தில் அதிகமாக என்றும் மாற்றினாய். கல்லூரி நோட்டீஸில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்திருப்பதை நீயேதான் எனக்கு அனுப்பினாய். அவள் கட்டுரையில் அந்தத் தொழிலாளி பேசுகிறாள், வீட்டுக்குப் போனா பிள்ளையத் தூக்கவே பயமா இருக்கும்மா, கை அவ்வளவு சூடு என்கிறாள். உன்னுடையதில், தொழிலாளர்கள் குழந்தைகளைத் தூக்கத் தயங்குவதை நான் கவனித்தேன் என்றிருக்கிறது. எங்கே கவனித்தாய் நீ? அந்த அம்மா எந்தப் பக்கம் இருக்கிறாள் என்றாவது தெரியுமா?

அப்பாவிடம் சொன்னேன். எல்லாப் பிள்ளைங்களும் பண்றதுதானே, ஒரு கடுதாசிதானே, எழுதிப் போட்டுடேன் என்றார். நீங்கள் ராப்பகலாகப் பார்த்துச் சரிசெய்த வண்டியை இன்னொருத்தன் தன் பேரில் எழுதிக்கொண்டு, உங்களையே திருடன் என்றால் விடுவீர்களா என்று கேட்டேன். அதுவும் இதுவும் ஒண்ணா என்றார், தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். உனக்குச் செல்லம் கொடுத்தது யார் என்று எங்களுக்குள் சண்டை இன்னும் முடியவில்லை.

உனக்கு யாரும் சொல்லித்தராமல் இல்லை, இருந்தாலும் நானும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் போட்டு அவர் யார் என்று எழுது. உன் சொல்லில் மாற்றி எழுதினாலும் எண்ணம் அவருடையதுதான், அதையும் எழுது. ஒரு புத்தகத்தைப் பற்றி இன்னொரு புத்தகத்தில்தான் படித்தாய் என்றால் அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. உன் பட்டியலில் இருந்த ஒரு தடித்த புத்தகம் எப்படியிருந்தது, நானும் படிக்கிறேனே என்று ஆசையாகக் கேட்டதற்கு, அதெல்லாம் சும்மா போட்டதும்மா என்றாயே, அன்றைக்கே உன் காதைத் திருகியிருக்க வேண்டும். சொந்தமாகச் சொல்ல உன்னிடம் இரண்டு பக்கம்தான் இருந்தது என்றால் இரண்டு பக்கம் கொடு, மதிப்பெண் குறையட்டும். குறைந்தால் நாங்கள் உன்னை என்ன செய்யப்போகிறோம்?

ஆனால் எனக்கு வயிறு எரிவது கட்டுரைக்காக மட்டும் இல்லை. குருவி கட்டணச் சலுகையில் படிக்கிறவள், குற்றம் என்று தீர்ந்தால் சலுகை போய்விடும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நீயேதான் சொன்னாய், சாயங்காலம் மழை வரும் என்பதுபோல. அது தெரிந்தும் பழியை அவள் தலையில் போட்டிருக்கிறாய். காப்பியடித்தது பயத்தில் செய்தது என்று நான் ஒருவேளை மனத்தைத் தேற்றிக்கொள்வேன். இதை எதில் சேர்ப்பது?

நானாக உன் கல்லூரிக்கு எழுதமாட்டேன், அது நீ செய்ய வேண்டியது. ஆனால் அவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டால், அன்றைக்கு என் மகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்லிவிடுவேன். உன்னை ஒரு வருடம் நிறுத்திவைத்தால் வீட்டுக்கு வா. திட்டுவேன், சோறும் போடுவேன், அக்கம்பக்கத்தில் யாருக்கும் காரணம் சொல்லமாட்டேன், அது நம் வீட்டு விஷயம். அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு நீ பட்டத்தோடு வந்து நின்றால் மட்டும் உன்னிடம் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே. உனக்கு நல்லதே நடக்கட்டும், நீ நல்லவளாகவும் இருக்க வேண்டும், இரண்டையும் சேர்த்தேதான் வேண்டிக்கொள்கிறேன். வியாழக்கிழமை வரை காத்திருக்காதே. இதைப் படித்து முடித்ததும் குருவியின் அறைக்குப் போ. முதலில் அவளிடம் சொல், பிறகு பேராசிரியரிடம், அதற்குப் பிறகு எனக்குப் போன் செய்.

கோபத்தோடும் அன்போடும்,
உன் அம்மா