பதினெட்டாயிரம் மணி

6 ஜனவரி 2025, திங்கள்

மனம் ஒழுங்கில்லாதபோது எண் போட்டு எழுதினால் கொஞ்சம் அடங்கும். இந்த நோட்டில் எழுதப்போவது:

1. குழுவின் மணி எப்படித் தீர்ந்தது.
2. அதில் என் பங்கு எவ்வளவு.
3. ஜெபஷீலாவிடம் சொல்வதா, வேண்டாமா.
4. சொல்வதால் இனி ஒரு பயனும் இல்லை.

நான்காவதற்கு விளக்கமே வேண்டாம். தீர்ந்த மணி ஏப்ரல் ஒன்றுக்கு முன் திரும்பி வராது. அவ்வளவுதான்.

7 ஜனவரி

முதல் புள்ளி. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆறு கல்லூரிகளைச் சேர்ந்த பதினொரு பேர் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையை ஆராய்கிறோம். அந்தக் கணக்குகளைத் தாங்கும் கணினி எங்களில் யாரிடமும் இல்லை. வெளியூர் ஆய்வு மையம் ஒன்றில் இருக்கும் பெருங்கணினியை எங்களைப் போல நாற்பது குழுக்கள் பகிர்ந்துகொள்கின்றன. உத்தமபாளையத்தில் இந்த மேசையிலிருந்தே வேலையை அனுப்பலாம். அது வரிசையில் நின்று, முறை வந்ததும் ஓடும். எங்கள் குழுவுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை இரண்டு லட்சம் மணி. அதற்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான செயலிகளில் நூறு ஒரு மணி நேரம் ஓடினால், எங்கள் கணக்கில் நூறு மணி கழியும்.

ஓய்வு பெற்ற பேராசிரியர், நிதானமானவர் என்று சொல்லி இருப்பைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். இருப்பைக் காட்டும் பக்கம் எனக்கு மட்டுமே திறக்கும்.

இன்றைய இருப்பு 2,340. மார்ச் முடிய இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது.

9 ஜனவரி

இரண்டாவது புள்ளியை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

என் பெயரில் மட்டும் 71,000 மணி. அதில் பாதி, ஓடி முடிந்த வேலையையே மறுபடி ஓட்டிப் பார்த்தது. ஆறு வருடங்களுக்கு முன் என் கட்டுரையில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறிப்போய், இதழில் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. அன்றிலிருந்து எதையும் இரண்டாம் முறை ஓட்டாமல் நான் நம்புவதில்லை. இரண்டு முறையும் ஒரே விடை வரும். வந்ததும் ஒரு நிம்மதி. அது யாருடைய மணி என்று யோசித்ததே இல்லை— இல்லை, யோசித்தேன். வருடக் கடைசியில் எப்படியும் மிஞ்சும் என்று சொல்லிக்கொண்டேன். போன வருடம் மிஞ்சியது.

12 ஜனவரி, ஞாயிறு

ஆராதனை முடிந்து போடியிலிருந்து ஜெபஷீலா அப்பாவுடன் வந்தாள். எங்கள் குழுவில் இளையவள். வருசநாட்டு மலையில் கனமழை கொட்டினால் எத்தனை மணி நேரத்தில் வெள்ளம் மயிலாடும்பாறைக்கு வந்து சேரும் என்பதுதான் அவள் முனைவர் பட்ட ஆய்வு. நாற்பது வருட மழைப் பதிவுகளைத் திருத்தி முடிக்க இந்த மாதம் ஆகிவிடும். பிறகு ஒரே ஒரு பெரிய ஓட்டம், பத்து நாள். பிப்ரவரி 28-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் இரண்டு முறை தவணை நீட்டிவிட்டது. இந்த முறை தவறினால் பதிவு ரத்து.

அவள் அப்பா விஜய்ராஜுக்கு போடி பஜாரில் ஏலக்காய்க் கடை. காபித் தம்ளரைக் கீழே வைக்காமலே பேசினார். "ஏலச்செடி வச்சா மூணாம் வருசம் காச்சுரும் சார். இவ ஏழு வருசமா பூத்துக்கிட்டே இருக்கா."

"மழையக் கணக்குப் பண்றதுன்னா சும்மாவாப்பா?"

"ஒம் மழை எங்கனயோ ஒரு பெட்டிக்குள்ள பெய்யுது. இங்கன நான்ல நனையிறேன். கேக்குறவுகளுக்கெல்லாம் பதில் சொல்லி மாளல."

அவள் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பதினெட்டாயிரம் மணி வேணும் சார். இருக்கும்ல?" என்றாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"பாத்துக்கிடலாம்மா."

14 ஜனவரி

பொங்கல். வாழ்த்து அனுப்பியிருந்தாள். பதில் வாழ்த்து அனுப்பினேன். வேறு எதுவும் எழுதவில்லை.

20 ஜனவரி

இருப்பு அறிக்கையைக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய நாள். அனுப்பவில்லை. பத்துப் பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்னிடம் பிழை வராது என்று நினைக்கிறார்கள். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

28 ஜனவரி

மையத்திலிருந்து எல்லோருக்கும் மடல். பயன்படுத்தாத மணி வைத்திருக்கும் குழுக்கள் பிப்ரவரி 10-க்குள் அதைத் திருப்பித் தரலாமாம். திருப்பித் தர நம்மிடம் என்ன இருக்கிறது? முதல் பத்தியோடு மூடி, 'பொருந்தாதவை' என்று நான் வைத்திருக்கும் கோப்புறையில் போட்டேன்.

3 பிப்ரவரி

ஜெபஷீலாவின் செய்தி: "பதிவெல்லாம் சரி பண்ணியாச்சு சார். வேலைய அனுப்பிட்டேன், வரிசையில நிக்குது!"

மணி இல்லாத வேலையும் அதே வரிசையில்தான் நிற்கும். 'காத்திருப்பு' என்றே காட்டும்.

8 பிப்ரவரி

"இன்னும் காத்திருப்புன்னே காட்டுது சார். கூட்டமா?"

கூட்டமாக இருக்கும் என்று பதில் போட்டேன்.

இதுவரை நான் சொல்லாமல் இருந்தேன். இன்று பொய் சொல்லிவிட்டேன். இரண்டும் வேறு வேறு. நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

13 பிப்ரவரி

சாப்பாட்டின்போது என் மனைவி சந்தனம்மாள் கரண்டியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு வாரமா பருக்கை எண்ணிக்கிட்டு இருக்கீக. என்னன்னு சொல்லிட்டு எந்திரிங்க."

சொன்னேன். பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"அந்தப் புள்ளகிட்டச் சொல்லலையா?"

"சொன்னா மட்டும் என்ன ஆகப் போகுது?"

"ஆகுது, ஆகாமப் போகுது. அது அவ பாடு. முப்பத்தி மூணு வருசம் ஊரான் பிள்ளைகள நிக்க வச்சுக் கேள்வி கேட்டீக. ஒங்கள ஒரு புள்ள ஒரு கேள்வி கேட்டா கொறஞ்சு போயிருவீகளோ?"

ஆமாம். குறைந்துபோவேன் என்றுதான் பயந்தேன்.

15 பிப்ரவரி, சனி

சொல்ல வேண்டியதைத் தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு போன் செய்தேன். இரண்டு வரி படித்தேன். தாளை மடித்துவிட்டு மீதியைச் சொன்னேன். மணி இல்லை, ஓட்டியது நான், கூட்டம் என்றது பொய்.



"எப்ப இருந்து சார் தெரியும்?"

"ஜனவரி முதல் வாரம்."

"திருப்பித் தரச் சொல்லி மடல் வந்துச்சே சார். அப்படி வர்ற மணியத்தான், இல்லாத குழு எழுதிக் கேட்டா பிரிச்சுக் குடுப்பாக. போன வருசம் அம்பதாயிரம் குடுத்தாக. நம்மகிட்டதான் இருக்கேன்னு நான் கேக்கல."

மடித்த தாளை மறுபடி பிரித்தேன்.

"இன்னைக்குத் தேதி பதினஞ்சு சார்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

'பொருந்தாதவை'யைத் திறந்தேன். இரண்டாவது பத்தி. தேவைப்படும் குழுக்களும் அதே தேதிக்குள் விண்ணப்பிக்கலாம். எல்லாவற்றையும் இருமுறை ஓட்டிப் பார்ப்பவன், ஒரு மடலை ஒருமுறைகூட முழுசாகப் படிக்கவில்லையே— அய்யோ, என்ன மனுசன்டா நீ.

உடனே மையத்துக்கு எழுதினேன். குழுவுக்கும் எழுதினேன், எதையும் மறைக்காமல்.

17 பிப்ரவரி

மையத்தின் பதில் மூன்று வரி. மரியாதையான பதில். எல்லா மணியும் 12-ஆம் தேதியே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது.

குழுவில் இருவர் ஆறுதல் எழுதினார்கள். மற்றவர்கள் எழுதவில்லை. பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டேன்.

28 பிப்ரவரி

கடைசி நாள். வேலை இன்னும் வரிசையில் நிற்கிறது.

11 மார்ச்

விஜய்ராஜ் போன் செய்தார். திட்டுவார் என்று நின்றுகொண்டே பேசினேன்.

"விடுங்க சார். பெரியவுக, வேணும்னா செஞ்சீக? பாப்பா இங்கனயே ஒரு ஸ்கூல்ல சேந்துருச்சு. ஒம்பதாவது, பத்தாவதுக்கு அறிவியல். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருது."

திட்டியிருக்கலாம்.

1 ஏப்ரல்

புது வருடத்து இரண்டு லட்சம் மணி வந்துவிட்டது. இருப்பு எனக்குத் தெரியாது; குழுவின் வரிசை மட்டும் தெரியும். காலையில் பார்த்தேன். முதலில் ஜெபஷீலாவின் பெயர். நிலை: ஓடுகிறது.

யாரும் அதை எடுத்துவிடவில்லை. பிப்ரவரியிலிருந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறது. மணி வந்ததும் தானாகவே கிளம்பிவிட்டது.

11 ஏப்ரல், வெள்ளி

முடிந்தது. மயிலாடும்பாறைக்கு வெள்ளம் வந்து சேர நான்கரை மணி நேரம். முதல் வருடமே அவள் குத்துமதிப்பாகச் சொன்ன எண். விடையை அவளுக்கு அனுப்பினேன்.

பள்ளியில் மதிய இடைவேளையாக இருக்க வேண்டும், 12.50-க்குப் பதில் வந்தது: "அப்ப நான் சொன்னது சரிதான் சார்."

கொஞ்சம் கழித்து இன்னொன்று: "ரெண்டாந்தரம் ஓட்டிப் பாத்துராதீக."

ஓட்டவில்லை.

நான்காவது புள்ளி தவறு. சொல்லியிருந்தால் பயன் இருந்தது. பிப்ரவரி பத்தாம் தேதி வரை இருந்தது.