அம்மா நடந்த பக்கம்

என் கண்ணு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கடையும் வீடும் இருந்த இடத்தில் இருந்தபடியே நலம். அங்கே நீயும், உன்னோடு சேர்த்து வலி எடுக்கிற உன் வலது தோளும், நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வந்துடறேன்பா என்று அழுதபோது நான் சரிம்மா, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். என்ன அப்பா இவர், பெற்ற பிள்ளை அழுகிறது, வாடிக்கைக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசுகிறாரே என்று நினைத்திருப்பாய். அந்த நேரம் கடையில் சவர நாற்காலியில் நம் ஓய்வுபெற்ற தபால்காரர் முகம் நிறைய சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார், என் கையில் கத்தி இருந்தது. நான் அழுதால் கை நடுங்கும், கை நடுங்கினால் பாவம் அந்த மனுஷன் கன்னம் என்ன ஆவது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நடுங்கினால் எழுத்து கோணலாகப் போகும், அவ்வளவுதான், யாருக்கும் ரத்தம் வராது.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கடைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கும் உன் மெடல் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவன் எல்லாம் பொண்ணு எப்பண்ணே டிவியில வரும் என்று கேட்கிறான், முடி வெட்ட வந்தவன் தன் முடியைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. உன் அத்தை தினமும் வந்து சமைத்து வைத்துவிட்டு, தண்ணியில கிடந்தது போதும்டா, கரையேறி வந்து ஒரு வேலை வெட்டிக்குப் போகச் சொல்லு என்று என் காதில் ஓதிவிட்டுப் போகிறாள். தம்பி தனியாகக் கிடக்கிறானே என்ற ஆதங்கம் அவளுக்கு. வீடு எப்படி இருக்கிறது என்று நீ கேட்டாய். போன வருஷம் உன் அம்மா கண்ணை மூடியதிலிருந்து அவள் சீப்பு அலமாரியில் அப்படியே இருக்கிறது, அதில் நாலு முடியும் இருக்கிறது. ஊரார் முடியைக் கூட்டிக் குப்பையில் கொட்டுவதுதான் எனக்குப் பிழைப்பு, அந்த நாலு இழையை எடுத்துப் போட மட்டும் கை வரமாட்டேன் என்கிறது. அப்படித்தான் இருக்கிறது வீடு.

நீ பேசிய மறுநாள் உன் கோச்சம்மா என்னைக் கூப்பிட்டார்கள். பேச்சு கறாராக இருந்தாலும் உன்மேல் அக்கறை இருப்பது தெரிந்தது. அடுத்த மாதத் தேர்வுப் போட்டியில் நீ தேறாவிட்டால் பயிற்சி முகாமில் உன் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று உடைத்துச் சொன்னார்கள். நூறு மீட்டரில் கடைசிப் பாதியில் தலையைத் தண்ணீருக்குள் புதைத்த மாதிரி வைத்துக்கொண்டு போக வேண்டுமாம், தலை திரும்புகிற ஒவ்வொரு தடவையும் வேகம் போகுமாம். எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டேங்கறா சார், போகும்போது இடது பக்கம் திரும்பறா, வரும்போது வலது பக்கம் திரும்பறா, ரெண்டும் ஒரே சுவருதான், மூச்சு வாங்கத் திரும்பற மாதிரி இல்ல, அங்க யாரையோ தேடற மாதிரி இருக்கு, போன வருஷத்துல இருந்து ரொம்ப மோசம் என்றார்கள். யாரைத் தேடுகிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டார்கள். தெரியவில்லையே மேடம் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாதா.

உன்னை நீச்சலில் சேர்த்தது மெடலுக்காக இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் அம்மாவின் தம்பி, நீ படத்தில் மட்டும் பார்த்த உன் மாமா, சின்ன வயதில் ஏரியில் குளிக்கப் போய்த் திரும்பி வராதவன். என் வயித்துல பிறந்தது தண்ணியப் பாத்துப் பயப்படக் கூடாது, நான் பயப்படறது போதும் என்று சொல்லித்தான் அம்மா உன்னைக் கையைப் பிடித்து நீச்சல் குளத்துக்கு இழுத்துப் போனாள். நீயோ கரையில் அவள் தெரிந்தால்தான் கையைப் போடுவாய், மூச்சுக்குத் தலையைத் தூக்கும்போது அவள் கண்ணில் படாவிட்டால் நடுவிலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கிவிடுவாய். அதற்காக அவள் சுவரோரமாக உன் கூடவே நடந்தாள், நீ போனால் போனாள், நீ வந்தால் வந்தாள். நீயும் அவள் இருக்கிற பக்கமே பார்த்துப் பார்த்து மூச்சு வாங்கப் பழகிவிட்டாய். ரெண்டு பக்கமும் மூச்சு வாங்குது, நல்ல பழக்கம்தான் என்று அந்தக் காலத்து உன் மாஸ்டர் சிரித்தார். போட்டிகளில் கரையில் விடாதபோது பார்வையாளர் வரிசைக்கு முன்னால் இருக்கிற நடைபாதையில் நடந்தாள், உட்காருங்கம்மா, மறைக்குது என்று எத்தனை பேரிடம் திட்டு வாங்கினாள் என்று எனக்குத்தான் தெரியும்.

இனி நான் சொல்லப் போவதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டாள். நான் பாக்கறது இல்லைன்னு தெரிஞ்சா அவ நடு வழியில நின்னுடுவா, வாயத் தொறந்துடாதீங்க என்றாள். இத்தனை வருடம் திறக்கவில்லை. கண்ணு, உன் அம்மா நீ நீந்துவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவளால் முடியவில்லை. தண்ணீருக்குள் உன் தலை போவதைப் பார்த்தால் அவளுக்குத் தம்பி ஞாபகம் வந்து உடம்பு உதறும். அதனால் தரையில் பதித்திருக்கும் கல்லைப் பார்த்துக்கொண்டே நடப்பாள், உன் கை தண்ணீரில் விழுகிற சத்தத்தைக் கேட்டு அந்த வேகத்துக்குக் காலை எடுத்து வைப்பாள். குனிந்த தலை நிமிராத பெண் என்று சொல்வார்களே, அந்தப் பேர் அவளுக்குக் குளத்தோரத்தில் மட்டும்தான் பொருந்தும், வீட்டில் என் முன்னால் அந்தத் தலை ஒரு நாளும் குனிந்ததில்லை. நம்பிக்கை இல்லையென்றால் உனக்குக் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்த அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார். நீ பாதியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா அம்மா என்று கத்துகிறாய், அவள் பாட்டுக்குக் கடைசிவரை நடந்து போய்விட்டாள். பெரிய போட்டியில யாரும் உனக்காக நிக்க மாட்டாங்க, அதுக்குத்தான் பழக்கினேன் என்று உன்னைச் சமாளித்தாள், நீயும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நம்பினாய். பழக்கவும் இல்லை ஒன்றும் இல்லை. குளத்துக் கூச்சலில் உன் குரல் காதில் விழாமல், பக்கத்து லேனில் வந்த பையனின் கைச் சத்தத்தை உன்னுடையது என்று நினைத்து அவன் கூடவே போய்விட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுததை நான்தான் பார்த்தேன். நீ முதன்முதலில் தங்கம் வாங்கினாயே, அந்தப் போட்டியில் கூட்டமே எழுந்து நின்று கத்தும்போது இவள் குனிந்தபடியே என் சட்டையைப் பிடித்து இழுத்து, முடிஞ்சுதாங்க, வெளியே வந்துட்டாளா என்று கேட்டாள். ஜெயித்தாளா என்று கேட்கவில்லை. சாயங்காலம் நீ அம்மா, சுவத்துல நான் போட்ட டர்ன் பாத்தியா என்று கேட்டால் பாத்தேன்டி, அசத்திட்ட என்பாளே, அது என்னிடம் கேட்டு வைத்துக்கொண்டு சொன்னது.

இதைக் கேட்டு உனக்கு வலிக்கும். எனக்கு எழுதவே வலிக்கிறது. ஆனால் தலையைத் திருப்பாமல் போனால் அம்மாவை விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னாயே, அந்த வார்த்தை இத்தனை நாளாக என்னைத் தூங்க விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனால் அவளை விட்டுவிட்டதாக ஆகாதம்மா. அவள் உன் கூடவே வந்ததும் அப்படித்தான். வந்துடறேன்பா என்று நீ சொன்னபோது வா என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. நீ வந்தால் இந்த வீட்டில் இன்னொரு குரல் கேட்கும், உன் அத்தை வாயும் மூடும். தண்ணீர் அலுத்துவிட்டது, தோள் தாங்கவில்லை, வேறு ஏதாவது செய்கிறேன் என்றால் நாளைக்கே வண்டி ஏறு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், மற்றவர்களையும் கேட்க விட மாட்டேன். அம்மாவுக்காக மட்டும் கரையேறாதே. தனியாக இருக்கும் அப்பாவுக்காகவும் ஏறாதே. அந்தப் பாவத்தை என்னால் சுமக்க முடியாது.

நீ நல்லா இருக்கணும், நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு நினைத்தது நடந்து நிறைவாக இருக்கணும் என்று அம்மாவுக்கும் சேர்த்து நானே ஆசீர்வாதம் செய்கிறேன். தொப்பி போடுவதற்கு முன்னால் தலையை நனைத்து எண்ணெய் தடவிக்கொள், போன தடவை வந்தபோது குளத்து மருந்து பட்டு முடி நாராகக் கிடந்தது, முடிவெட்டுகிறவன் மகளுக்கு இப்படியா என்று நாலு பேர் சிரிக்கப் போகிறார்கள். காதில் தண்ணீர் நிற்க விடாதே. கோச்சம்மாவை எதிர்த்துப் பேசாதே. போட்டியில் நீ இறங்குவதாக இருந்தால் ஒரு வரி எழுதிப் போடு, கடையைப் பூட்டிவிட்டுக் கட்டாயம் வருவேன். ஆனால் எந்தப் பக்கம் உட்காருவேன் என்று சொல்ல மாட்டேன். தேடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றதைத் தவிர வேறு மெடல் எதுவும் வாங்காத
உன் அப்பா